பேட்டரிதான் செத்ததா? ஏடிவிக்கு மாற்று பேட்டரி வாங்கும் முன்

சில வாரங்கள் நின்றிருந்த ஏடிவியின், அதாவது காடுமேட்டில் ஓடும் நாற்சக்கர வண்டியின், சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறீர்கள். இஞ்சின் சுழலவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து ‘டிக், டிக்’ என்று ரிலே மட்டும் பதில் சொல்கிறது. முகப்பு விளக்கு ஒருமுறை மங்கி மீள்கிறது. அடுத்த பத்து நிமிடத்தில் பெரும்பாலானோர் புது பேட்டரிக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். நானும் ஒருமுறை அதைத்தான் செய்தேன். பன்னிரண்டாம் நாள், புது பேட்டரியும் அதே ‘டிக், டிக்’கைத் தந்தது. கைப்பிடியைச் சூடாக்கும் கருவியைச் சாவி வழியாக இணைக்காமல், சோம்பலில் நேரே பேட்டரி முனையில் மாட்டியிருந்தவன் நானேதான். அணைத்த பிறகும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி 40 மில்லியாம்பியரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு அது ஏறத்தாழ ஓர் ஆம்பியர்-மணி. பேட்டரியின் கொள்ளளவே 12 ஆம்பியர்-மணி. கணக்கு கச்சிதமாக இருந்தது. தூக்கியெறிந்த பழைய பேட்டரிதான் பாவம்.

அதற்குப் பிறகு பேட்டரி பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வண்டி எத்தனை நாள் சும்மா நிற்கும்? எந்த வகை, எந்த அளவு, எவ்வளவு திறன் என்ற தேர்வெல்லாம் பெரும்பாலும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. ஆனால் அதற்கு முன், பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும்.

மல்டிமீட்டரோடு அரை மணி நேரம்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி என்பது சுமார் 2.1 வோல்ட் தரும் ஆறு செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டது. முழுச் சார்ஜில், ஓய்வில் இருக்கும்போது, தண்ணீர் ஊற்றும் வகை 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் ஏஜிஎம் வகை 12.8-ஐத் தொடும், சிலவற்றில் சற்றுத் தாண்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட் இருக்கிறதே என்று நிம்மதி அடைகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

‘ஓய்வில்’ என்ற சொல் முக்கியம். சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு அளந்தால் 13 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டியிருக்கும் சார்ஜ் அது. பாலின் மேல் படிந்த ஆடையைப் பார்த்துப் பாலின் கெட்டியை முடிவு செய்வது போல. சில மணி நேரம் விட்டுவிட்டு அளக்க வேண்டும். பொறுமை இல்லையென்றால் முகப்பு விளக்கை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சிறிது நேரம் கழித்து அளக்கலாம்.

ஓய்வில் நல்ல எண் காட்டுவது பாதித் தேர்ச்சிதான். மீட்டரின் முட்களைப் பேட்டரி முனைகளில் பிடித்தபடி ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள். இஞ்சின் சுழலும்போது வோல்ட் இறங்கும். 10-க்கு மேல் நின்றால் நல்லது. 9.6-க்குக் கீழே சரிந்தால் சந்தேகம். 12.7-லிருந்து ஒரே தாவலில் 6-க்கு விழுந்தால் பேட்டரியின் உள்ளே தகடோ இணைப்போ போய்விட்டது என்று பொருள். பணிமனைகளில் இதையே முறைப்படி செய்வார்கள்: பேட்டரியின் சிசிஏ எண்ணில் (குளிரில் அது தரக்கூடிய ஆம்பியர்) பாதியை 15 விநாடிகள் இழுத்து, அறை வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனை முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரிக்குத்தான் செல்லும். அரைகுறைச் சார்ஜில் கொண்டுபோய் ‘தோல்வி’ என்று எழுதி வாங்கி வராதீர்கள்.

வோல்ட் இறங்காமல் 12-க்கு மேல் நிற்கிறது, ஆனால் இஞ்சினும் சுழலவில்லை என்றால்? அப்போது பேட்டரி குற்றவாளி அல்ல. மின்சாரம் ஸ்டார்ட்டர் மோட்டார்வரை போய்ச் சேரவில்லை. ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இஞ்சினின் வண்ணம் பூசாத உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் அழுத்துங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் எர்த் கேபிள் சரி. ஒரு வோல்ட் காட்டினால் கேபிளின் ஏதோ ஒரு முனையில் துருவோ சேறோ உட்கார்ந்திருக்கிறது. முள்ளைப் பேட்டரியின் முனையிலேயே வைக்க வேண்டும், அதில் திருகப்பட்ட கேபிளின் காதில் அல்ல. பழுது பெரும்பாலும் அந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் ஒளிந்திருக்கும். சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கி ஏறும் வண்டி இது. எர்த் கேபிள் இஞ்சினில் திருகப்பட்ட இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்ததும் ‘செத்த’ பேட்டரி எழுந்து உட்கார்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எப்படியோ இஞ்சினைக் கிளப்பிவிட்டீர்கள் என்றால், அணைக்கும் முன் சார்ஜாகும் வோல்ட்டையும் பார்த்துவிடுங்கள். இஞ்சின் வேகத்தைச் சற்றுக் கூட்டி வைத்தால் பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.8 வரை வர வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இடையிலுள்ள கனெக்டர் மூன்றில் ஒன்றில் பழுது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. புது பேட்டரியை மாட்டினால் அதையும் அது வேகவைத்துவிடும். வீங்கிய பக்கங்களோடு வெளியே வரும் பேட்டரி பல நேரம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது.

இனி, என் பன்னிரண்டு நாள் கதைக்குக் காரணமான கசிவு. சாவியை அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்குச் சிவப்பு வயரை மாற்றி, கழற்றிய கேபிளுக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரைப் பாலமாக வையுங்கள். முதல் சில விநாடிகள் எண் கூடுதலாக இருக்கலாம். கணினிப் பெட்டி தூங்கப் போவதற்கு அவகாசம் கொடுங்கள். கடிகாரமும் எரிபொருள் தெளிப்புக் கணினியும் உள்ள வண்டியில் சில மில்லியாம்பியர்கள் இயல்பு. 30, 40, 50 என்று நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள்; எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் திருடன். எந்த ஃபியூஸுக்கும் அசையவில்லை என்றால் பேட்டரியில் நேரடியாக மாட்டிய பிற்சேர்க்கைகளைப் பாருங்கள்: வின்ச் (வடத்தைச் சுருட்டிப் பாரம் இழுக்கும் மோட்டார்) ரிமோட், கூடுதல் விளக்கு, யூஎஸ்பி சார்ஜர். மீட்டர் பாலமாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் பொத்தானைத் தொட்டுவிடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் உடனே போய்விடும்.

பழையதை மீட்க முடியுமா?

சில நேரம் முடியும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 12 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஒன்றேகால் ஆம்பியர் அளவில், மெதுவாக இரவெல்லாம் சார்ஜ் செய்யுங்கள். காருக்கான பெரிய சார்ஜரை முழு வேகத்தில் மாட்டினால் இந்தச் சிறிய பேட்டரி கொதித்துவிடும். சார்ஜ் முடிந்ததும் எதிலும் இணைக்காமல் பன்னிரண்டு மணி நேரம் வைத்து அளங்கள். 12.7-ல் நிற்கிறதா, நல்லது. 12.4-க்குக் கீழே தானாக இறங்கிவிட்டதா, அதோடு விட்டுவிடலாம். எவ்வளவு சார்ஜ் செய்தாலும் 10.5-ஐ ஒட்டியே நின்றால் ஆறு செல்களில் ஒன்று உள்ளுக்குள் குறுக்குச் சுற்றாகிவிட்டது. அதற்கு மருந்து கிடையாது.

நடுவில் நிற்கும் பேட்டரிக்கு நான் வைக்கும் தேர்வு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். முழுச் சார்ஜான 12 ஆம்பியர்-மணி பேட்டரி, 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை அந்தப் பல்பை ஆறு மணி நேரத்தை ஒட்டி எரிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் படுத்துவிட்டால் பாதிப் பேட்டரிதான் மிச்சம் என்று தெளிவு. சோதனை முடிந்ததும் உடனே திரும்பச் சார்ஜ் செய்துவிட வேண்டும். வெறுமையாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப் படிகமாக இறுகும். ஏடிவி பேட்டரிகள் பெரும்பாலும் சாவது இப்படித்தான்: ஓடித் தேய்ந்து அல்ல, பட்டினி கிடந்து. எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றினால் பேட்டரி பிழைக்கும் என்று சொல்வார்கள். இறுகிய தகட்டை உப்பு இளக்காது. அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

இப்போது வகைகள்

தண்ணீர் ஊற்றும் பழைய வகையை இன்னமும் விற்கிறார்கள். அதற்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று உண்டு: வெளிப்படையானது. மூடியைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே பார்க்கலாம், 1.265-ஐ ஒட்டி இருந்தால் முழுச் சார்ஜ், ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்திருந்தால் அந்தச் செல் போய்விட்டது. சற்று அதிகமாகச் சார்ஜ் ஆனாலும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் ஏடிவி என்பது சாயும், குலுங்கும், சில நேரம் தலைகீழாகவும் கிடக்கும் வண்டி. காற்றுக் குழாய் மடங்கினாலோ நழுவினாலோ ஆசிட் சட்டத்தில் வழியும். குலுக்கலில் தகட்டின் பசை உதிர்ந்து அடியில் வண்டலாகத் தங்கும். பழைய வண்டிக்கு, அதுவும் சமதளத்தில் புல் வண்டி இழுக்கும் வண்டிக்கு, இது போதும். மற்றபடி நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

ஏஜிஎம் என்பதும் ஈய-அமிலம்தான். ஆசிட் திரவமாகத் தளும்பாமல், தகடுகளுக்கு நடுவே அழுத்தி வைத்த கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கிறது. அந்தப் பாய் தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் குலுக்கலைத் தாங்குகிறது. சார்ஜாகும்போது உருவாகும் வாயு பெரும்பாலும் உள்ளேயே திரும்பத் தண்ணீராகிவிடுகிறது. ஆகவே தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. தானாகச் சார்ஜ் இழப்பதும் பழைய வகையைவிடக் குறைவு. வண்டியின் ரெகுலேட்டரையோ வயரிங்கையோ தொடாமல் அப்படியே மாட்டலாம். குறை என்றால், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. அதிகச் சார்ஜில் இழந்த தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. ரெகுலேட்டர் சரியில்லாத வண்டியில் ஏஜிஎம் சத்தமில்லாமல் வறண்டு சாகும்.

ஜெல் வகை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடையில் ‘ஜெல்’ என்று அழைக்கப்படும் பல பேட்டரிகள் உண்மையில் ஏஜிஎம்தான். உண்மையான ஜெல் சற்றுக் குறைந்த சார்ஜ் வோல்ட்டை எதிர்பார்க்கும், வண்டியின் 14.4, 14.6-ல் அதற்குள் குமிழிகள் உண்டாகி அப்படியே தங்கிவிடும். கடந்து போகலாம்.

லித்தியம் வேறு உலகம்

இருசக்கர, நாற்சக்கர விளையாட்டு வண்டிகளுக்கு விற்கப்படும் லித்தியம் பேட்டரி பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். கைபேசியில் உள்ள வகையைவிடத் தீப்பிடிக்கும் அபாயம் குறைந்தது. 3.2 வோல்ட் செல்கள் நான்கு சேர்ந்து 12.8. முதல்முறை கையில் எடுக்கும் யாரும் ஏமாற்றுப் பெட்டி என்றே நினைப்பார்கள். நாலு கிலோவைத் தாண்டும் ஈய பேட்டரியின் இடத்தில் ஒரு கிலோ சுமாரில் ஒன்று உட்காருகிறது. எடுத்த எடுப்பில் ஸ்டார்ட்டர் மோட்டாரை ஈய பேட்டரியைவிட வேகமாகச் சுழற்றும். தானாகச் சார்ஜ் இழப்பது மிகக் குறைவு. பந்தயத்துக்கோ மணல் மேட்டில் தாவவோ வண்டி வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அவர் கேட்கவே வேண்டாம், லித்தியம்தான்.

மற்றவர்கள் பெட்டியின் மேலே எழுதியிருப்பதைக் கண்ணை அகல விரித்துப் படிக்க வேண்டும். ‘12 ஆம்பியர்-மணிக்கு இணை’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். உண்மையான கொள்ளளவு ஓரத்தில் சிறிய எழுத்தில் 4 என்றோ 5 என்றோ இருக்கும். சிலவற்றில் வாட்-மணியாக மட்டும் எழுதியிருப்பார்கள், அதை 12.8-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். இணை என்பது இஞ்சினைச் சுழற்றும் திறனில் மட்டும். இங்கேதான் சும்மா நிற்கும் நாள் கணக்கு திரும்ப வருகிறது. சாவி அணைந்த நிலையில் வண்டி 10 மில்லியாம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். நாளைக்கு 0.24 ஆம்பியர்-மணி. 12 ஆம்பியர்-மணி ஏஜிஎம் முற்றிலும் காலியாக ஐம்பது நாள் ஆகும். 4 ஆம்பியர்-மணி லித்தியத்துக்குப் பதினேழு நாள் போதும். தானாகச் சார்ஜ் இழக்காது என்று விளம்பரம் சொல்வது பொய் அல்ல. வண்டி அதிலிருந்து குடிப்பதைப் பற்றி விளம்பரம் பேசவில்லை, அவ்வளவுதான். முற்றிலும் காலியான லித்தியம் செல் நிரந்தரமாகக் கெடும். அதைத் தடுக்க உள்ளே காவல் சுற்று இருந்தால் அது வாசலை மூடிவிடும். மீட்டரில் பூஜ்யம் தெரியும். காவல் சுற்று இருக்கிறதா என்று கேட்காமல் லித்தியம் வாங்காதீர்கள்.

குளிர் இரண்டாவது விஷயம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் முதல் அழுத்தலில் முனகும். முகப்பு விளக்கை ஒன்றிரண்டு நிமிடம் எரியவிட்டால் உள்ளே சூடேறி இரண்டாம், மூன்றாம் முயற்சியில் எழும். பழகிவிட்டால் இது தொந்தரவில்லை. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்வது கெடுதல். செல்லுக்குள் உலோக லித்தியம் படியும். ஈய-அமிலமும் குளிரில் வீரன் இல்லை. -18 டிகிரியில் அதன் திறன் ஏறக்குறைய பாதியாகும், இஞ்சின் எண்ணெயும் அப்போது தேன்போல் கெட்டியாகியிருக்கும். முழுச் சார்ஜில் அதன் ஆசிட் -50-ஐத் தாண்டித்தான் உறையும். காலியான பேட்டரி -8 அளவிலேயே உறைந்து உறை வெடிக்கலாம். குளிர்காலத்துக்கு வண்டியை ஒதுக்கும் முன் சார்ஜ் செய்துவிடச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, சார்ஜர். ஏற்கெனவே வைத்திருக்கும் சார்ஜரில் சல்ஃபேட் நீக்கும் துடிப்பு முறை இருந்தால் அதை லித்தியத்தில் மாட்டக்கூடாது. 14.6 வோல்ட்டைத் தாண்டவும் கூடாது. வண்டியின் ரெகுலேட்டர் 15-ஐ நெருங்கும் பழைய வகை என்றால் லித்தியத்தை மறந்துவிடுங்கள். மீட்டரும் இங்கே பழைய அட்டவணைப்படி பேசாது: லித்தியம் ஓய்வில் 13.3 காட்டினால் நிறைவு; ஈய பேட்டரியில் மகிழ்ச்சி தரும் 12.8 இங்கே கிட்டத்தட்டக் காலி. நடுவில் வெகுநேரம் ஒரே எண்ணில் நின்றுவிட்டுக் கடைசியில் சட்டென்று விழும்.

வின்ச் இருந்தால் கணக்கு மாறும்

வின்ச் பாரம் இழுக்கும்போது 100 ஆம்பியரும் அதற்கு மேலும் உறிஞ்சும். ஏடிவியின் ஸ்டேட்டர் நல்ல வேகத்தில் 20 ஆம்பியர் தருகிறது என்று வைத்துக்கொண்டாலும் அதில் பாதி எரிபொருள் பம்ப், இக்னிஷன், விளக்கு ஆகியவற்றுக்கே போய்விடும். மிச்சம் 90 ஆம்பியர் பேட்டரியிலிருந்து வர வேண்டும். ஒரு நிமிட இழுப்புக்கு ஒன்றரை ஆம்பியர்-மணி. சேற்றில் புதைந்த வண்டியை மூன்று நிமிடம் இழுத்தால் நாலரை. 12 ஆம்பியர்-மணி ஏஜிஎம் அதைத் தாங்கும், திணறினாலும். 4 ஆம்பியர்-மணி லித்தியம் இரண்டாம் நிமிடம் முடிந்த சிறிது நேரத்திலேயே காவல் சுற்றின் வாசலை மூடும், நீங்கள் சேற்றில் நிற்கும்போதே. எரிபொருள் தெளிப்பு முறை உள்ள வண்டியில், இழுகயிறு இருந்தாலும், முற்றிலும் காலியான பேட்டரியோடு கிளப்புவது பெரும்பாடு; பம்ப்புக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டுமே.

பனி தள்ளும் கத்தி மாட்டியவர்கள் நிலை இதைவிட மோசம். ஒவ்வொரு இழுப்பும் சில விநாடிகள்தான், ஆனால் நிமிடத்துக்குச் சில முறை. இஞ்சினோ மெதுவான வேகத்தில் ஓடுகிறது. விளக்கும் கைப்பிடிச் சூடும் சேர்ந்து எரிகின்றன. வரவைவிடச் செலவு அதிகம். இரண்டு மணி நேர வேலை முடிந்து வண்டியை நிறுத்தும்போது பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும், அந்த நிலையிலேயே அடுத்த பனி வரும்வரை கிடக்கும். இவர்களுக்கு நான் சொல்வது: பெட்டியில் அடங்கும் மிகப் பெரிய ஏஜிஎம், கூடவே நிறுத்தும் இடத்தில் நிரந்தரமாக ஒரு பராமரிப்புச் சார்ஜர். உண்மையான ஆம்பியர்-மணி 12-க்கு மேல் உள்ள லித்தியமும் இருக்கிறது. குளிரில் சார்ஜாகும் சிக்கல் இல்லாத இடத்தில் அது நல்ல வின்ச் பேட்டரி. விலை மட்டும் பல ஏஜிஎம்களுக்குச் சமம்.

எண்களும் எழுத்துகளும்

சிசிஏ என்பது -18 டிகிரியில் 30 விநாடிகள், 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பது. அதையே பூஜ்யம் டிகிரியில் அளந்து சிஏ என்று போட்டால் எண் பெரிதாகத் தெரியும். இரண்டு பேட்டரிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவுகோலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கையேடு கேட்பதைவிடக் குறைந்த சிசிஏ கூடாது. அதிகம் இருந்தால் கெடுதல் இல்லை, ஆனால் அதற்காகக் கூடுதலாகச் செலவழிப்பது வெப்பமான இடத்தில் வீண். ஒரே அளவுப் பெட்டியில் சிசிஏ அதிகமுள்ளதும் ஆம்பியர்-மணி அதிகமுள்ளதும் இருந்தால், நீண்ட நாள் நிற்கும் வண்டிக்கு நான் இரண்டாவதையே எடுப்பேன்.

அளவுக் குறியீடு சிலருக்குத் தலைவலி. ஒய்டிஎக்ஸ்14-பிஎஸ் என்பது 150 × 87 × 145 மில்லிமீட்டர், 12 ஆம்பியர்-மணி. ஒய்டிஎக்ஸ்14ஏஎச்எல்-பிஎஸ் பெயரில் சகோதரன், உருவத்தில் வேறு: 134 × 89 × 166. ஒன்றின் பெட்டியில் மற்றது நுழையாது. ஒய்டிஎக்ஸ்20எல்-பிஎஸ் 175 × 87 × 155, 18 ஆம்பியர்-மணி. கடைசியிலுள்ள பிஎஸ் என்றால் ஆசிட் தனிப் புட்டியில் வரும், நாம் ஊற்ற வேண்டும். நடுவிலுள்ள எல் என்ற எழுத்தைத்தான் மக்கள் விட்டுவிடுகிறார்கள். முனைகள் உங்கள் பக்கம் இருக்கும்படி வைத்துப் பார்த்தால் எல் உள்ளதில் பாசிட்டிவ் வலது பக்கம். இல்லாததில் இடது பக்கம். தவறானதை வாங்கினால் கேபிள் எட்டாது. எட்டிவிட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் துருவம் மாற்றி மாட்டப்பட்ட பேட்டரி ஃபியூஸையும் ரெகுலேட்டரையும் ஒரு பொறியில் கொன்றுவிடும். பழைய பேட்டரியைக் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும்.

ஆக, வாரந்தோறும் ஓடும் வண்டிக்கு எந்த நல்ல பேட்டரியும் உழைக்கும். அங்கே விலையும் உத்தரவாதமும் முடிவு செய்யட்டும். உத்தரவாதத்தில் முழு மாற்றா, கழிந்த மாதங்களுக்குப் பிடித்தம் போக மீதியா என்பதைப் படியுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு ஏஜிஎம்மும் பராமரிப்புச் சார்ஜரும் சேர்ந்து ஒரே பொருளாக வாங்க வேண்டியவை. நிறுத்தும் இடத்தில் மின்சாரமே இல்லை என்றால்? அங்கே என் பதில் பலருக்கு விந்தையாகத் தோன்றும்: லித்தியம், கூடவே ஒரு துண்டிப்புச் சுவிட்ச். நெகட்டிவ் கேபிளைத் துண்டித்துவிட்டால் வண்டி குடிக்க வழியில்லை. தானாக இழப்பதும் சொற்பம். மாதங்கள் கழித்தும் சார்ஜோடு காத்திருக்கும். சுவிட்ச் போட மறப்பவர் என்றால் ஏஜிஎம்மோடு நின்றுவிடுங்கள்.

வந்து சேர்ந்த பிறகு

உற்பத்தித் தேதியைப் பாருங்கள். ஆசிட் ஊற்றி அடைத்து அலமாரியில் ஓராண்டு கிடந்த ஏஜிஎம் புது பேட்டரி அல்ல. வெளியே எடுத்ததும் 12.5-க்குக் கீழே காட்டினால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆசிட் தனியாக வரும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஊற்றும் நாள்தான் அதன் பிறந்த நாள். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஆறு புட்டிகளையும் ஒரே நேரத்தில் கவிழ்த்து, அவை தாமாக இறங்கும்வரை விட வேண்டும். ஊறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம். பிறகு மூடிப் பட்டையை அழுத்தினால் அதை மறுபடி திறக்கும் வேலை இல்லை. சிந்தினால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

ஊற்றியதும் பேட்டரி உயிரோடுதான் இருக்கும், வண்டியையும் கிளப்பும். அதனால்தான் பலர் முதல் சார்ஜைத் தவிர்த்துவிடுகிறார்கள். அந்த நிலையில் அது ஏறத்தாழ எண்பது சதவீதம்தான் நிறைந்திருக்கும். வண்டியின் சிறிய ஸ்டேட்டர் மிச்சத்தை ஒருநாளும் நிரப்பாது. முதல் இரவு சார்ஜரில் கழியட்டும்.

மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கழற்றும்போது இதற்கு நேர்மாறு. ஸ்பேனர் நழுவிச் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசை. பிடிப்புப் பட்டையையும் அடி ரப்பரையும் மறந்துவிட்டால் எந்த வகையும் குலுக்கலில் தப்பாது. பழையதைக் குப்பையில் போடாமல் பேட்டரி கடையிலேயே கொடுங்கள். உள்ளே இருப்பது ஈயம்.

கடைசியாக நான் செய்யும் ஒரு வேலை உண்டு. மாட்டிய தேதி, ஓய்வு வோல்ட், இஞ்சின் சுழலும்போது இறங்கிய வோல்ட், சார்ஜாகும் வோல்ட், கசிவு மில்லியாம்பியர் ஆகிய ஐந்தையும் ஒரு பட்டை நாடாவில் எழுதி இருக்கையின் அடிப்பக்கம் ஒட்டிவிடுவேன். இப்போது என் வண்டியில் இருக்கும் நாடாவில் கசிவு 3 என்று இருக்கிறது. கைப்பிடிச் சூடு சாவி வழியாகத்தான் போகிறது.